இயன்ற வரை

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பஸ்ல எடம் தாராளமா இருக்கு. பையை வேணும்னா என் மடியில வையுங்க. பாளையங்கோட்டைதான? நானும் அங்கதான். கறுப்புக் கோட்டை மடிச்சுப் போட்டிருக்கீயளே, வக்கீலா? சந்தோசம். உங்களை மாதிரி ஆளைப் பாத்தா எனக்குப் பேசணும் போல இருக்கும். மத்தவங்ககிட்டப் பேசுனா, 'இந்த ஆளு ஆரம்பிச்சுட்டான்டா'ன்னு எந்திரிச்சுப் போயிருவானுவ. நீங்க ஜன்னலோரம் மாட்டிக்கிட்டீய.

இந்த நாட்டு அரசியல் சட்டம் இருக்குல்லா, அதை எழுதுன காலத்துல நான் டெல்லியில இருந்தேன். சும்மா இல்ல தம்பி, அந்தச் சோலியாத்தான் இருந்தேன். யாரும் நம்ப மாட்டக்காவ. எங்க அண்ணனே, 'அவன் அங்க டைப் அடிச்சுக்கிட்டுக் கெடந்தான்'னுதான் ஊர்ல சொல்லுவாவ. டைப்பும் அடிச்சேன், இல்லன்னு சொல்லல. ஆனா அது மட்டும் இல்ல.

பேரு அம்பலவாணன். மெட்ராஸ்ல ஒரு பெரிய வக்கீல்கிட்ட ஸ்டெனோவா இருந்தேன். அவிய அரசியல் நிர்ணய சபைக்கு மெம்பராப் போனாவ. பேரு வேண்டாம், பெரிய மனுசன். 'வாரும் அம்பலவாணம்'னு என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாவ. பொண்டாட்டி ஆவுடையையும் மக வடிவையும் ஊர்ல அண்ணன் வீட்டுல விட்டுட்டுப் போனேன். ஒத்தைக்கு ஒரு பிள்ளை. அப்பம் வடிவு ஆறாங்கிளாஸ் படிச்சா.

டெல்லியில எனக்கு என்ன வேலைன்னா, ஒவ்வொரு நாட்டுச் சட்டத்தையும் படிச்சு ஒரு பக்கத்துல சுருக்கி மெம்பர் மேசையில வைக்கணும். அமெரிக்காக்காரன் உரிமையை எப்படி எழுதியிருக்கான், கனடாக்காரன் மத்திய சர்க்கார் கையில பிடியை எப்படி வெச்சிருக்கான், இங்கிலீஷ்காரன் ஒரே புஸ்தகமா எழுதி வைக்காமலே எப்படி ஓட்டுதான், ஜெர்மன்காரன் அவ்வளவு அழகா எழுதி வெச்சும் எங்க கோட்டை விட்டான், எல்லாம் எனக்கு அத்துப்படி. பிரெஞ்சுக்காரன் குடுத்த மூணு வார்த்தை இருக்கே, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம், அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துட்டு. சத்தியமாச் சொல்லுதேன். ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச நாடு எதுன்னா அயர்லாந்து. பாத்தது கிடையாது. மழை ஜாஸ்தியாம்.

அயர்லாந்துக்காரன் ஒரு காரியம் செஞ்சான் பாருங்க. வக்கீல், உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் சொல்லுதேன். ஜனங்களுக்குக் குடுக்கதை ரெண்டாப் பிரிச்சான். ஒரு பாகம், உனக்குக் கெடைக்கலன்னா கோர்ட்டுக்குப் போயி கேளு. இன்னொரு பாகம், சர்க்கார் மனசுல வெச்சு நடக்க வேண்டியது. அதைக் கோர்ட்டுல கேக்க முடியாது. ஆனா எழுதியிருக்கும். மரியாதையா, பெரிய எழுத்துல எழுதியிருக்கும்.

நம்மாளுவ அதைத்தான் எடுத்துக்கிட்டாவ. எடுக்காம என்ன செய்ய? அங்க நடந்த தர்க்கத்தை நீங்க பாக்கணும். ஒருத்தர் கிராமப் பஞ்சாயத்துதான் நாட்டுக்கு அஸ்திவாரம்ங்காவ. இன்னொருத்தர், உங்க கிராமத்துல சாதியைத் தவிர என்ன இருக்குங்காவ. ஒருத்தர் கள்ளுக்கடையை மூடுங்காவ. ஒருத்தர் பசுமாட்டை வெட்டப்பிடாதுங்காவ. ஒருத்தர் ரஷ்யாவைக் காட்டி எல்லாருக்கும் வேலைங்காவ. யாரும் லேசுப்பட்ட ஆளு இல்ல. எவரும் எறங்கி வர மாட்டாவ. எல்லாம் எங்க போச்சு? ரெண்டாவது பாகத்துக்குப் போச்சு. எனக்கு வேணும்ங்கது புஸ்தகத்துல ஏறிட்டுன்னு இவருக்குத் திருப்தி. ஏறுனாலும் நம்மளை ஒண்ணும் செய்யாதுன்னு அவருக்குத் திருப்தி. சண்டை தீந்துது.

சண்டை தீரதுதான தம்பி பெரிய காரியம்? அந்த நேரத்துல நாடு இருந்த இருப்புக்கு? ரயில் ரயிலா அகதியா வந்து எறங்குதான். டெல்லித் தெருவுல சமைச்சுச் சாப்பிட்டுக் கெடக்கான். இதுல இங்க உள்ள உக்காந்து ஒரு வார்த்தைக்காக ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்கிட்டா வெளங்குமா?

எங்க மெம்பர் வீட்டுல மாலை நேரம் நாலஞ்சு பேரு வருவாவ. காப்பி குடிச்சுக்கிட்டே தர்க்கம் நடக்கும். முத்திப் போச்சுன்னா மெம்பர் என்னைக் கூப்பிடுவாவ. 'அம்பலவாணத்துக்கிட்டச் சொல்லுங்க, ரெண்டு பேரையும் தலையாட்ட வெப்பான்.' நான் ஒரு ஓரமா உக்காந்து ஒரு வாசகம் எழுதிக் குடுப்பேன். ரெண்டு பேரும் படிச்சுப் பாப்பாவ. 'இதுல எனக்கு ஆட்சேபணை இல்ல'ம்பாவ. அதுல என் வாசகம் ஒண்ணும் சட்டத்துல ஏறல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் காப்பிச் சண்டை தீந்துச்சுல்லா?

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு உறுத்துச்சு. படிப்பு. பிள்ளையளுக்கு இலவசமா, கட்டாயமா படிப்பு. ஆரம்பத்துல அது கோர்ட்டுல கேக்கக்கூடிய பாகத்துலதான் இருந்துது. நானே அந்தக் காயிதத்தைப் பாத்திருக்கேன். பிறகு பாத்தா அது ரெண்டாவது பாகத்துல போயி உக்காந்திருக்கு. சர்க்கார் முயலணுமாம், பத்து வருசத்துக்குள்ள. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. மெம்பர்கிட்டக் கேட்டேன். 'ஏன் சார், அது மேலயே இருந்தா என்ன?' அவிய சிரிச்சாவ. 'அம்பலவாணம், பள்ளிக்கூடமே இல்லாத ஊருல உரிமையை வெச்சு என்னய்யா செய்யுதது? ஒவ்வொரு பிள்ளையும் கேஸ் போட்டா சர்க்கார் எங்க போவும்?' நியாயம்தான? எனக்கும் நியாயமாத்தான் பட்டுது. மறுநாளு நல்லாச் சாப்பிட்டேன்.

உங்களுக்கு வெத்தலைப் பழக்கம் உண்டா? இல்லையா. நல்லது.

இப்பம் வீட்டுக் கதைக்கு வாரேன். அதுதான் உங்ககிட்டச் சொல்லணும்னு நெனைச்சது.

நாப்பத்தொம்பதுல லீவுல ஊருக்கு வந்தேன். வீட்டுக்குள்ள காலை வைக்க முடியல. ஆவுடைக்கும் மதினிக்கும் அடுப்படியில ஆகல. இவ வெச்ச குழம்பை அவிய தொட மாட்டாவ, அவிய எடுத்து வெச்ச அரிசியை இவ பொங்க மாட்டா. எனக்குத் தனி அடுப்பு வேணும், தனியா நெல்லு அளந்து போடச் சொல்லுங்கன்னு ஆவுடை ஒத்தைக் கால்ல நிக்கா. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வடிவு. எட்டாங்கிளாஸ் பாஸ். எங்க ஊர்ல அதுக்கு மேல பள்ளிக்கூடம் கிடையாது. பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல சேந்து படிக்கணும்ங்கா. வாத்திச்சியம்மா ஆவணுமாம். அண்ணன் கிட்டக் கேட்டதுக்கு, 'சமைஞ்ச பிள்ளையை வெளியூர்ல விடுத வழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல'ன்னுட்டாவ. மதினி வழியில ஒரு மாப்பிள்ளையும் பாத்து வெச்சிருந்தாவ. சேரமாதேவிப் பக்கம், நெல்லு வியாபாரம்.

அண்ணனைக் குத்தம் சொல்லப்பிடாது. எங்க அப்பா செத்த பிறகு என்னைப் படிக்க வெச்சது அவியதான். அவிய படிப்பை நிறுத்திட்டு வயல்ல எறங்கி என்னைப் படிக்க வெச்சாவ. அவிய முன்னால நான் இன்னைக்கு வரைக்கும் நாற்காலியில உக்காந்தது இல்ல. அப்படிப்பட்ட மனுசன்கிட்ட நான் போயி, என் மகளைப் படிக்க வெச்சே தீருவேன்னு எப்படிச் சொல்லுவேன்? நாக்கு எழும்புமா?

ஆனா என்கிட்ட ஒரு வித்தை இருக்குல்லா? எல்லாரையும் கூடத்துல உக்கார வெச்சேன். ஒரு காயிதம் எடுத்து ரெண்டு பாகமாப் பிரிச்சேன். அயர்லாந்துக்காரன் மாதிரியே. ஆவுடை, அண்ணன், மதினி, எல்லாரு பேச்சையும் கேட்டேன். மொதல் பாகம்: ஆவுடைக்குப் பின்கட்டுல தனி அடுப்பு, அவ பங்கு நெல்லு அறுப்புக்கு அறுப்பு அளந்து போட்டாகணும், தவறுனா ஊர்ப் பெரியவங்ககிட்டச் சொல்லலாம். அண்ணன் மூஞ்சியைச் சுளிச்சாவ. 'அடுப்பைப் பிரிச்சா ஊர்ல என்ன சொல்லுவான்?' சரி, அவியளுக்கு நாம ஒண்ணு விட்டுக் குடுக்கணும்லா. ரெண்டாவது பாகம்: 'சிரஞ்சீவி வடிவின் மேற்படிப்புக்கு, சந்தர்ப்ப சூழ்நிலைகளை அனுசரித்து, குடும்பம் இயன்ற வரை முயலும்.'

அண்ணன் ரெண்டு தடவை படிச்சாவ. 'ஏல அம்பலம், டெல்லிக்குப் போயி நல்லாத்தான் படிச்சிருக்க'ன்னாவ. ஒடனே கையெழுத்துப் போட்டாவ. மதினி ரேகை வெச்சாவ. ஆவுடை காயிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. 'அடுப்பு உண்டுல்லா?'ன்னு கேட்டா. 'உண்டு'ன்னேன். 'பிள்ளை படிப்பும் இருக்குல்லா?' 'இருக்கு'ன்னேன். அவளும் ரேகை வெச்சுட்டா. எனக்கு அவ்வளவு சந்தோசம். டெல்லியில அத்தனை பெரிய மனுசங்க மாசக்கணக்குல தர்க்கம் செஞ்சதை நான் ஒரு காலையில முடிச்சுட்டேனே.

தூண்கிட்ட நின்ன வடிவு அந்தக் காயிதத்தை வாங்கி வாசிச்சா. 'அப்பா, இயலலன்னா?'ன்னு கேட்டா.

'முயலணும்னு இருக்கே மக்களே.'

'முயலலன்னா நான் யாருகிட்டப் போயி கேக்க?'

நான் அவளை உக்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். அயர்லாந்தைச் சொன்னேன். இது கேக்குத பாகம் இல்ல, மனசாட்சிக்கு விட்ட பாகம்னு சொன்னேன். கேக்க முடியாட்டாலும் எழுதி வெச்சதுக்கு ஒரு கனம் உண்டுன்னு சொன்னேன். பொறுமையாக் கேட்டா. நல்ல புத்திசாலி தம்பி அவ. என் மக. கடைசியில, 'அம்மாவுக்கு அடுப்பை மட்டும் ஏன் மேல எழுதுனீய?'ன்னு கேட்டா. இந்த வயசுப் பிள்ளைக்கு எப்படி வெளங்க வைக்கது? அது ஒரு சமரசம்மா, விட்டுக் குடுத்தாத்தான் கெடைக்கும்னேன். காயிதத்தை என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டா. நானும் டெல்லிக்கு ரயிலேறிட்டேன்.

அண்ணன் முயலலன்னு யாரும் சொல்லப்பிடாது. முயன்றாவ. பாளையங்கோட்டைக்கே நேர்ல போயிருக்காவ. ஹாஸ்டல் வாசல்ல நின்னு விசாரிச்சிருக்காவ. எல்லா சாதிப் பிள்ளையளும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுதாவன்னு தெரிஞ்சதும் திரும்பி வந்துட்டாவ. எனக்கு எழுதுனாவ: 'இயன்ற வரை முயன்றோம். சூழ்நிலை அனுகூலமாக இல்லை.' நான் எழுதுன வாசகத்தையே எடுத்து எழுதியிருந்தாவ. நானும் பலதடவை யோசிச்சேன், எங்கயாவது ஒரு பிடி கெடைக்குமான்னு. கெடைக்கல. அவ்வளவு கச்சிதமா நானே எழுதி வெச்சிருந்தேன்.

பிறகு தையில கல்யாணம்னு தந்தி வந்துது. டெல்லியில அந்த மாசம்தான் குடியரசு. ஊரெல்லாம் வெளக்கு, பாண்டு வாத்தியம். எங்க மெம்பர், 'இருந்து பாத்துட்டுப் போமேய்யா'ன்னாவ. இருக்க முடியுமா? ஓடி வந்தேன். வந்தா பந்தல் போட்டாச்சு, சமையல்காரன் பாத்திரத்தை எறக்கிட்டான், சம்பந்திவீட்டு ஆளுவ பாதிப் பேரு வந்தாச்சு. நான் என்னத்தை நிறுத்த? நிறுத்தணும்னுதான் ரயில்ல வந்தேன், பாத்துக்கிடுங்க. விழுப்புரம் தாண்டுத வரைக்கும் வார்த்தை வார்த்தையா நெஞ்சுக்குள்ள அடுக்கிக்கிட்டே வந்தேன். வாசல்ல அண்ணன் வந்து, 'வந்துட்டியால, நீ இல்லாம ஒண்ணுமே ஓடல'ன்னு என் கையைப் பிடிச்சாவ. அவ்வளவுதான். எல்லா வார்த்தையும் போச்சு. எனக்குச் சண்டை போடத் தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேனான்னு கேட்டா, அதுவும் தெரியல.

வடிவு என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கால்ல விழுந்தா, எந்திரிச்சா, போயிட்டா. அழுதிருந்தாக்கூடத் தேவலன்னு இருந்துது.

ஆவுடைக்குத் தனி அடுப்பு வந்துது. அதுல ஒரு குறையும் இல்ல. அண்ணன் வாக்குத் தவற மாட்டாவ, அறுப்புக்கு அறுப்பு நெல்லு வந்துரும். பிள்ளை போன பிறகு அவ அந்த அடுப்புல ஒருத்திக்காகப் பொங்கிக்கிட்டு இருந்தா. நான் வேலையை விட்டுட்டு ஊரோட வந்த அன்னைக்கு எனக்குச் சோறு போட்டுட்டு எதுக்கால உக்காந்து கேட்டா, 'நான் ரேகை வைக்கும்போது ரெண்டும் ஒண்ணுன்னுதான சொன்னீய?' நான் அப்படிச் சொல்லலயே தம்பி. இருக்குன்னுதான சொன்னேன்? இருந்துச்சுல்லா?

மாப்பிள்ளை நல்ல பையன். குடி, சீட்டு எதுவும் கிடையாது. மூணு வருசம் போச்சு. பிள்ளை இல்ல. அதுக்கு அந்த வீட்டுல ஒரு பேச்சு, தெனமும் பேச்சு. போன ஆனி மாசம் இவ ஒருநாள் காலையில பஸ் ஏறி நேரா பாளையங்கோட்டைக்கு வந்து டீச்சர் டிரெயினிங் ஸ்கூல்ல சேந்து, அங்க ஹாஸ்டல்லயே தங்கிட்டா. எட்டாங்கிளாஸ் போதுமாம் அதுக்கு. யாரு விசாரிச்சுச் சொன்னா, யாரு பணம் கட்டுனா, ஒண்ணும் தெரியல. ஆவுடை காதுல கெடந்த கம்மலைக் காணோம். கேட்டா, 'எங்கயோ விழுந்துட்டு'ங்கா. ரெண்டு கம்மலும் ஒண்ணா விழுமா?

சம்பந்திவீட்டுல ஒரே கொதிப்பு. இழுத்துக்கிட்டு வருவோம், இல்லன்னா வேற பொண்ணு பாப்போம்ங்காவ. அண்ணன் அதுக்கு மேல. குடும்ப மானம் போச்சுங்காவ. நாளைக்குக் காலையில ரெண்டு தரப்பும் கார் வெச்சுக்கிட்டு அந்த ஹாஸ்டலுக்கு வரப் போறாவ. பிள்ளை அங்க ஒத்தையில என்ன செய்யும், சொல்லுங்க?

சும்மா இருப்பேனா? பத்து நாளா அங்கயும் இங்கயும் அலைஞ்சேன். சம்பந்தி கால்ல விழாத குறை. ஒரு வாசகம் எழுதி ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாச்சு. வக்கீல், நீங்க கேட்டுச் சொல்லுங்க. 'வடிவு உடனடியாகக் கணவன் வீடு திரும்புவது. அவளது பயிற்சிப் படிப்பைப் பொறுத்த மட்டில், இரு வீட்டாரும் பின்னர் கலந்து பேசி, கூடுமான வரை அனுசரணையாக நடந்துகொள்வது.' இந்தத் தடவை 'இயன்ற வரை'ன்னு போடல. 'கூடுமான வரை'ன்னு போட்டிருக்கேன். இன்னும் கொஞ்சம் அழுத்தமா இருக்குல்லா? சம்பந்தி கேட்ட ஒடனே சரின்னுட்டாவ. அண்ணன் முதுகுல தட்டிக் குடுத்தாவ. இனி வடிவு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. அவியள்லாம் வாரதுக்கு முன்னால வாங்கிட்டா நாளைக்கு ஒரு சத்தமும் இருக்காது.

ஏன் தம்பி, மூஞ்சி ஒரு மாதிரிப் போவுது? வாசகத்துல ஏதும் ஓட்டை இருக்கா?

ஒண்ணும் இல்லங்கீய. சரி.

முந்தாநாளும் வந்தேன், இதைச் சொல்லத்தான். வாட்ச்மேன் உள்ள போயி சொன்னான். வெளிய வந்தா. வெள்ளைச் சீலை உடுத்தி, கையில சாக்பீஸ் தூசி. டீச்சர் மாதிரியே இருந்தா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. மூணு வருசத்துக்குப் பிறகு அன்னைக்குத்தான் என்கிட்ட முகம் பாத்துப் பேசுனா. 'சாப்பிட்டீயளா அப்பா?'ன்னு கேட்டா. சாப்பிட்டேன்னேன். நான் காயிதத்தை எடுக்கதுக்கு முன்னாலயே கையைக் காட்டி நிறுத்திட்டா.

'பெரியப்பா வரட்டும். மாமனார் வரட்டும். சத்தம் போடுவாவ, வஞ்சுட்டுப் போவாவ, நான் தாங்கிக்கிடுவேன். நீங்க மட்டும் வராதீங்கப்பா'ன்னா.

'ஏம்மா? நான் உனக்காகத்தான...' அப்படின்னேன்.

'நீங்க வந்தா எல்லாரும் சம்மதிச்சிருவாவ.'

அவ்வளவுதான் சொன்னா. கோவமாக்கூடச் சொல்லல. கெஞ்சுத மாதிரிச் சொன்னா. ரெண்டு கையையும் இப்படிக் கூப்பிக்கிட்டு. பெத்த அப்பனைப் பாத்துப் பிள்ளை கும்பிடலாமா தம்பி?

அன்னா, பாலம் வந்துட்டு. ஹாஸ்டலுக்கு நான் இங்கயே எறங்கணும். வேற எனக்கு என்ன செய்யத் தெரியும், சொல்லுங்க? போயிட்டு வாரேன். அவ கேட்டுக்கு வெளிய வரலன்னாலும் காயிதத்தை வாட்ச்மேன்கிட்டக் குடுத்து அனுப்பலாம். கையெழுத்து மட்டும்தான பாக்கி.